அமெரிக்கப் புரட்சி காசுக்கா, கொள்கைக்கா? பசியாறும் கடையில் தொடங்கிய சண்டை

சிப்புட்காரன் | ஞாயிறு, காலை 10:40

வணக்கம். மகள் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளை இன்று காலை பசியாற இங்கே மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனுக்கு அழைத்துப் போனேன். தோசை வருவதற்குள் அவளுடைய கட்டுரைத் தலைப்பைச் சொன்னாள். அமெரிக்காவை உண்டாக்கியவர்கள் கொள்கைக்காகப் போராடினார்களா, சொந்த லாபத்துக்காகவா?

நான் ஐந்தாம் படிவத்தோடு நின்றவன். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், வரி பிடிக்காமல் கொட்டினார்கள், அவ்வளவுதான் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே, "அப்பா, அந்த வருஷம் தேயிலை விலை குறைந்தது. குறைந்ததால்தான் கொட்டினார்கள்" என்றாள். விலை குறைந்ததற்கு யாராவது சாமானைக் கடலில் கொட்டுவானா?

பக்கத்து மேசையில் எங்கள் தோட்டத்துப் பழைய கிராணி (எழுத்தர்) உட்கார்ந்திருந்தார். இங்கேயும் எழுதுகிறவர்தான், பெயர் சொல்ல மாட்டேன், அவரே வருவார். "எல்லாம் காசு தம்பி. கொள்கை என்பது ரசீதில் ஒட்டுகிற ஸ்டாம்பு" என்று சொல்லிவிட்டுத் தே தாரிக்கை ஆற்றிக் குடித்தார். மகளுக்குக் கோபம். அரை மணி நேரம் வாக்குவாதம். என் தோசை ஆறிப்போனது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை | ஞாயிறு, காலை 11:15

நான்தான் அந்தக் கிராணி. முப்பத்திரண்டு வருஷம் செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) எழுதியவன். ஒருவன் எதற்காகச் சத்தம் போடுகிறான் என்று தெரிய வேண்டுமானால் முதலில் அவன் பெயருக்கு நேரே பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்றுதான் பார்ப்பேன்.

பிள்ளை சொன்னது சரி. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் ஒன்றரைக் கோடி ராத்தலுக்கு மேல் தேயிலை விற்காமல் கிடந்தது. கம்பெனி முங்கிப்போகும் நிலை. அதைத் தூக்கிவிட 1773இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கம்பெனி நேராக அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பலாம், தானே ஏஜெண்டுகளை வைத்து விற்கலாம். ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருந்தது. அந்த வரியையும் சேர்த்தால்கூட, டச்சுக்காரர்களிடமிருந்து கள்ளத்தனமாக வந்த தேயிலையோடு போட்டி போடும் விலை. இதில் யாருக்கு நஷ்டம்? கடத்தல் செய்தவனுக்கும், ஏஜெண்டு வேலை கிடைக்காத தவுக்கேக்கும் (பெரிய வியாபாரிக்கும்). குடிப்பவனுக்கு லாபம்.

ஜான் ஹான்காக் பெரிய வணிகர். அவருடைய 'லிபர்ட்டி' கப்பலை 1768இல் சுங்கத்தார் பிடித்தார்கள், ஒயின் கடத்தினார் என்று. பிறகு சுதந்திரப் பிரகடனத்தில் முதல் கையெழுத்து, அதுவும் பெரிய எழுத்தில், அவருடையது.

ஜார்ஜ் வாஷிங்டன்? 1763இல் மன்னர் ஒரு பிரகடனம் போட்டார்: அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது, அது பூர்வகுடிகளின் நிலம். வாஷிங்டன் 1767இல் தன் நில அளவையாளருக்கு எழுதிய கடிதத்தில், இது பூர்வகுடிகளைச் சமாதானப்படுத்தத் தற்காலிகமாகச் செய்ததுதான், நீ நல்ல நிலமாகப் பார்த்துக் குறித்து வை என்ற பொருளில் சொல்கிறார். வர்ஜீனியாப் புகையிலைத் தோட்ட முதலாளிகள் பாதிப்பேர் லண்டன் வியாபாரிகளிடம் கடனில் மூழ்கிக் கிடந்தவர்கள்.

கடன்காரன், கடத்தல்காரன், நிலம் பிடிக்கிறவன். மூன்று பேரும் சேர்ந்து 'சுதந்திரம்' என்றால் நான் கொஞ்சம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் படிப்பேன்.

தே_ஓ_கொசோங் | ஞாயிறு, காலை 11:22

தேத்தண்ணி விலை குறைந்ததற்குக் கலவரம். இங்கே அந்தக் கடையில் மாதா மாதம் ஏற்றுகிறான், ஒருவன் நாற்காலியை நகர்த்துவதில்லை லா.

ஓய்வு_வாத்தியார் | ஞாயிறு, மாலை 3:05

கணக்கப்பிள்ளை அண்ணன் சொன்ன தகவல்கள் ஏறக்குறைய எல்லாம் உண்மை. கூட்டிக் கழித்து வந்த விடைதான் தப்பு.

1773 டிசம்பர் 16 இரவு மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் போட்டார்கள். கடத்தல்காரர் கூட்டம் என்றால் பாதியை வீட்டுக்குக் கொண்டு போயிருக்க வேண்டாமா? கோட்டுக்குள் தேயிலையை அள்ளிப் போட்டுக்கொண்ட ஓர் ஆளைப் பிடித்துக் கோட்டைக் கிழித்து விரட்டினார்கள். உடைந்த ஒரு பூட்டுக்குப் பதில் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். நாங்கள் திருட வரவில்லை என்று காட்டுவதில் அவ்வளவு அக்கறை.

3 பென்ஸ் யாரையும் ஏழையாக்காது. பிரச்சினை தொகையில் இல்லை. 1766இல் முத்திரைத்தாள் வரியை ரத்து செய்த அதே கையோடு நாடாளுமன்றம் இன்னொரு சட்டமும் போட்டது: எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட எங்களுக்கு முழு அதிகாரம் உண்டு என்று. தோட்டத்து ஆள்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டாம். துரை இந்த மாதம் கேட்காமல் ஒரு காசு பிடித்தால், அடுத்த மாதம் எவ்வளவு என்பது அவர் இஷ்டம். ஒரு காசு போனதில் யாருக்கும் கவலை இல்லை. கேட்காமல் பிடித்ததில்தான் கவலை.

அப்புறம் இதைப் பாருங்கள். காசுதான் காரணம் என்றால் காசுள்ள எல்லாரும் ஒரே பக்கம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஒரே துறைமுகம், ஒரே வியாபாரம், ஒரே கடன். ஒருவர் புரட்சிப் பக்கம், பக்கத்துக் கடைக்காரர் மன்னர் பக்கம். போர் முடிந்ததும் மன்னரை ஆதரித்தவர்கள் ஏறக்குறைய 60,000 பேர் ஊரை விட்டே போனார்கள். அவர்களில் பெரிய வணிகர்களும் உண்டு. பேரேட்டைப் பார்த்து யார் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லிவிட முடியாது.

கடன் விஷயத்துக்கும் பதில் சொல்கிறேன். கடனைத் தப்பிக்கத்தான் புரட்சி என்றால் அது தோற்றுப்போன புரட்சி. 1783 சமாதான ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு, பழைய கடன்களை வசூலிக்கத் தடை கூடாது என்கிறது. பிரகடனத்தை எழுதிய வர்ஜீனியாத் தோட்ட முதலாளி ஜெஃபர்சன் 1826இல் சாகும்போதும் கடனோடுதான் செத்தார்.

கணக்கப்பிள்ளை | ஞாயிறு, மாலை 3:31

வாத்தியாரே, சூதாடித் தோற்றவன் லாபத்துக்காக ஆடவில்லை என்று சொல்கிறீர்கள்.

ஓய்வு_வாத்தியார் | ஞாயிறு, மாலை 3:40

தோற்றால் தூக்கு என்று தெரிந்தும் 3 பென்ஸுக்குச் சூதாடுகிறவனை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் அண்ணே? ராஜத்துரோகத்துக்கு அன்றைக்கு அதுதான் தண்டனை.

தைப்பிங்மழை | ஞாயிறு, இரவு 9:12

இரண்டு பேரும் இரண்டு வேறு காலத்தைக் கலக்குகிறீர்கள். தங்கச்சி கட்டுரையில் இதைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். 1776 பிரகடனம் ஒன்று, 1787 அரசமைப்புச் சட்டம் வேறு ஒன்று. இடையில் பதினொரு வருஷம்.

'எல்லாம் காசு' என்று பெரிய அளவில் முதலில் வாதாடியவர் வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்டு, 1913இல். அவர் முக்கியமாகப் பேசியது 1787ஐப் பற்றி. அரசமைப்பை எழுதியவர்களில் யாரிடம் அரசுக் கடன்பத்திரம் இருந்தது என்று பழைய கருவூலப் பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்தார். நம்ம கணக்கப்பிள்ளை அண்ணன் மாதிரி ஆள். 1950களில் ராபர்ட் பிரவுன், ஃபாரஸ்ட் மெக்டொனால்ட் இருவரும் அவருடைய ஆதாரங்களைத் திரும்பச் சரிபார்த்து, இது இவ்வளவு நேராக இல்லை என்று காட்டினார்கள். 1967இல் பெர்னார்டு பெயிலின், 1776க்கு முன் வந்த துண்டுப் பிரசுரங்களைப் படித்து, அவர்கள் அதிகாரத்தைக் கண்டு உண்மையிலேயே பயந்தார்கள் என்றார். மாணவியாக இருந்தால் இந்த மூன்று அடுக்கையும் சொன்னாலே பாதி மதிப்பெண்.

எனக்குப் பிடித்த கதை வேறு. போரில் சண்டை போட்ட சிப்பாய்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. 1781 ஜனவரியில் பென்சில்வேனியாப் படையே கலகம் செய்தது. கடைசியில் பணத்துக்குப் பதில் சான்றிதழ் கொடுத்து, நாடு பிறகு தரும் என்றார்கள். வீட்டில் அரிசி வேண்டும் (சரி, அங்கே சோளம்). கிடைத்த விலைக்கு, முகமதிப்பில் ஒரு சிறு பங்குக்கு, ஊர் ஊராக வந்த வியாபாரிகளிடம் விற்றார்கள். 1790இல் நிதியமைச்சர் ஹாமில்டன், இந்தப் பத்திரங்களை அரசு முழு மதிப்புக்கு ஏற்கும், இப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு என்றார். காங்கிரஸ் உறுப்பினர் மேடிசன் எழுந்து, முதலில் வாங்கிய சிப்பாய்க்கும் பங்கு வேண்டும் என்று வாதாடினார். தோற்றார்.

இதில் யார் கொள்கை, யார் காசு? ஹாமில்டனிடமும் கொள்கை உண்டு: நாட்டின் வாக்கு செல்லும் என்று உலகம் நம்ப வேண்டும். அது வெறும் சாக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் லாபம் யாருக்குப் போனது என்பதும் எழுதியிருக்கிறது.

கணக்கப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9:50

தம்பி, நீ சொன்ன அந்தச் சான்றிதழை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் கை மாறியபோது லயத்தில் இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்தார்கள், மலிவு விலை வீடு தருகிறோம் என்று. டைப் அடித்தது நான்தான். ஒரு வருஷம், இரண்டு வருஷம், வீடு வரவில்லை. வேலை இல்லை. ஈப்போவிலிருந்து ஓர் ஆள் மோட்டாரில் வருவார், கையில் காசோடு. அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போவார். என்ன விலை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. விற்காதே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் வீடு எழும்பியது. சாவி யாருக்குக் கிடைத்தது என்று கேட்க வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன், பேச்சைக் கேட்காதே, பேரேட்டைப் பார்.

கித்தாக்காடு | திங்கள், காலை 6:20

இரவு வேலை முடித்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். நான் ஈப்போவில் தாதி. வரலாறு படித்தவள் இல்லை. ஆனால் இந்த 'காசா, கொள்கையா' என்ற கேள்வியே எனக்கு உறுத்துகிறது.

என் தாத்தா கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் (ரப்பர் பால் எடுத்தவர்). 1941இல் கிள்ளான் வேலைநிறுத்தம். ஐரோப்பாவில் போர், ரப்பருக்கு நல்ல விலை, இங்கே கூலி மட்டும் ஏறவில்லை. ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் கோரிக்கைகளை வைத்தது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலி எங்களுக்கும் வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவம் வேண்டும். பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது. எல்லாம் ஒரே பட்டியல்.

இதில் எது காசு, எது கொள்கை? கூலி காசு, சைக்கிள் கொள்கையா? தாத்தா அப்படிப் பிரித்துச் சொன்னதே இல்லை. அவருக்குக் கூலி குறைவதும் சைக்கிளை விட்டு இறங்குவதும் ஒரே அவமானம். நாதனை நாடு கடத்தினார்கள், பட்டாளம் வந்தது, சுட்டார்கள். வெறும் காசுக்காக என்றால் கொஞ்சம் கூட்டிக் கொடுத்த அன்றைக்கே எல்லாரும் பெரட்டுக்களத்துக்கு (காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு) திரும்பியிருப்பார்கள்.

(கணக்கப்பிள்ளை ஐயா, அந்தப் பட்டியலில் கிராணிகளும் உண்டு. கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

ஆனால் வாத்தியார் சாரிடமும் ஒரு கேள்வி. நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட 56 துரைமார்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர்கள் தோட்டத்தில் வேலை செய்த அடிமைகள் எங்கே? ஜெஃபர்சன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தவர். பிரகடனத்தின் முதல் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு பத்தி எழுதினார். தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒப்பவில்லை, அந்தப் பத்தி போய்விட்டது. காசு எங்கே கொள்கையின் கழுத்தைப் பிடித்தது என்று தெரிய வேண்டுமா? எடுத்துப்போட்ட அந்தப் பத்தியைப் பாருங்கள்.

தே_ஓ_கொசோங் | திங்கள், காலை 8:02

அக்கா முதலில் தூங்குங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். தோற்றவருக்கு என்ன தண்டனை? 1786இல் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் பதவி. அதே வருஷம் அதே கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் பினாங்கைப் பிடிக்கிறார், அங்கே உள்ள கோட்டைக்குப் பெயர் கார்ன்வாலிஸ். பள்ளிச் சுற்றுலாவில் அந்தப் பீரங்கி மேல் உட்கார்ந்து நானும் படம் எடுத்திருக்கிறேன். அமெரிக்காவில் தேயிலை விற்க முடியாத கம்பெனி இங்கே வந்து மிளகு பயிரிட்டது.

ஓய்வு_வாத்தியார் | திங்கள், மாலை 4:30

கித்தாக்காடு அம்மாவுக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அடிமைகளை விட்டுவிட்டுப் பேசியது என் தப்பு.

1775இல் லண்டனில் எழுத்தாளர் டாக்டர் ஜான்சன் ஒரு பிரசுரத்தில் கேட்டார்: கறுப்பர்களை வேலை வாங்கும் எஜமானர்களிடமிருந்தே சுதந்திரக் கூச்சல் அதிகம் கேட்கிறதே, அது ஏன்? அந்தக் கேள்விக்கு அன்றும் பதில் இல்லை. (அவரும் அரசாங்கத்திடம் வருஷத்துக்கு 300 பவுன் உதவித்தொகை வாங்கியவர். அரசாங்கம் கேட்டுத்தான் அந்தப் பிரசுரத்தை எழுதினார். கணக்கப்பிள்ளை அண்ணனுக்கு இது இனிக்கும்.)

அதே வருஷம் நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் பிரபு அறிவித்தார்: புரட்சிக்காரர்களின் அடிமைகள் ஓடி வந்து மன்னருக்காக ஆயுதம் எடுத்தால் விடுதலை. டன்மோர் தானே அடிமை வைத்திருந்தவர். அவருக்கு வேண்டியது ஆள்பலம், வேறு ஒன்றும் இல்லை. சுத்தமான சுயநலம். ஆனாலும் நூற்றுக்கணக்கானவர்கள் ஓடினார்கள். அவருடைய உள்நோக்கம் எதுவாக இருந்தால் அவர்களுக்கு என்ன?

மறுபக்கம், மாசசூசெட்ஸில் 1777 ஜனவரியில் பிரின்ஸ் ஹால் முதலான கறுப்பர்கள் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். பிரகடனத்தில் உள்ள அதே வாதம்: இயற்கை எல்லாருக்கும் கொடுத்த சுதந்திரம் எங்களுக்கும் உண்டு. பென்சில்வேனியா 1780இல் படிப்படியாக அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. மாசசூசெட்ஸில் 1783இல் நீதிமன்றமே, மாநில அரசமைப்பில் 'எல்லாரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள்' என்று இருப்பதால் அடிமை முறை செல்லாது என்றது. எழுதியவன் தனக்காக எழுதினான் என்றே வைத்துக்கொள்வோம். வாசித்தவன் விடவில்லையே.

கணக்கப்பிள்ளை | திங்கள், மாலை 5:10

வர்ஜீனியாவில் எப்போது ஒழிந்தது வாத்தியாரே? எங்கே புகையிலையும் பருத்தியும் விளைந்ததோ அங்கே மட்டும் இன்னும் எண்பது வருஷமும் ஒரு போரும் தேவைப்பட்டன. கொள்கை மலிவாகக் கிடைத்த இடத்தில் வாங்கினார்கள்.

கிராணி விஷயம். கோபம் இல்லை அம்மா. என் அப்பாவும் கிராணி. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன ஆள்தான்.

தைப்பிங்மழை | திங்கள், மாலை 5:44

'மலிவாகக் கிடைத்த இடத்தில்' என்பதைத் தங்கச்சி அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாசசூசெட்ஸில்கூட மலிவு தீர்ந்த இடம் ஒன்று உண்டு. 1786இல் அந்த மாநில விவசாயிகள், முன்னாள் சிப்பாய்கள், வரியும் கடனும் தாங்காமல் டேனியல் ஷேஸ் என்பவரோடு சேர்ந்து நீதிமன்றங்களைப் பூட்ட வைத்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் கற்றுக்கொண்ட வேலைதான். பாஸ்டன் வணிகர்கள் காசு போட்டுப் படை திரட்டி அடக்கினார்கள். தேயிலை கொட்டியபோது கைதட்டிய சாமுவேல் ஆடம்ஸ், குடியரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தவனைத் தூக்கில் போடத்தான் வேண்டும் என்ற பக்கம் நின்றார்.

சிப்புட்காரன் | திங்கள், இரவு 8:25

மகள் எல்லாவற்றையும் படித்துவிட்டாள். அவள் சொல்லி நான் ஒன்று கேட்கிறேன். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த சம்பந்தனை எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்க்காரர், ரப்பர் தோட்ட முதலாளியின் மகன். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்ட, ஆள்கள் வேலையும் வீடும் இழந்து நின்றபோது 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். தோட்டத் தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) போட்டுத் தோட்டமே வாங்கினார்கள். அவருக்கு ஓட்டு கிடைத்தது. அமைச்சராக இருந்தார். அப்போது அது ஓட்டுக்காகவா?

கணக்கப்பிள்ளை | திங்கள், இரவு 8:58

செக்ரோலில் அந்தப் பத்து வெள்ளியைப் பிடித்தம் எழுதியவன் நான். கேட்காமல் பிடிக்கவில்லை, ஒவ்வொருவரும் கைநாட்டு வைத்துக் கொடுத்தார்கள். மாதச் சம்பளத்தில் பத்து வெள்ளி என்றால் அப்போது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. ஓட்டு அவருக்குப் போனது உண்மை. இதற்கு மேல் இதில் நான் வாய் திறக்கவில்லை.

தே_ஓ_கொசோங் | திங்கள், இரவு 9:01

இதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐயா முதல் தடவையாகச் சும்மா இருக்கிறார்.

ஓய்வு_வாத்தியார் | திங்கள், இரவு 9:20

நான் சிரிக்கவில்லை அண்ணே. (சிரித்தேன்.)

சிப்புட்காரன் | செவ்வாய், காலை 7:15

மகள் தலைப்பைச் சுருக்கிவிட்டாள். புரட்சி முழுவதையும் எழுதவில்லை. 1790இல் சிப்பாய்களின் சான்றிதழுக்கு என்ன ஆனது, மேடிசன் என்ன கேட்டார், ஹாமில்டன் என்ன சொன்னார், அதை மட்டும் எழுதப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை கோபத்துக்கு மன்னிப்பும் கேட்கச் சொன்னாள்.

இன்னொன்றும் கேட்கச் சொன்னாள். ஐயா, நீங்கள் டைப் அடித்த அந்த வீட்டுக் கடிதத்தில் ஒரு பிரதியாவது உங்களிடம் இருக்கிறதா?

கணக்கப்பிள்ளை | செவ்வாய், காலை 7:40

நாற்பத்தாறு கடிதம். கார்பன் நகல் எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. யார் யார் விற்றார்கள், எவ்வளவுக்கு என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். எதற்குக் குறித்தேன் என்று எனக்கே தெரியாது. சனிக்கிழமை பிள்ளையை அழைத்து வா. பசியாறிவிட்டு வாருங்கள், வீட்டில் நான் மட்டும்தான்.